ஒரு பட்டறை, இரண்டு கடை, பதினான்கு போல்ட்

இந்தப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பெங்களூர் யஷ்வந்த்பூர் லாரி டெர்மினலுக்குள் போய், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிற தமிழ்க்காரர் எங்கே என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள். தகரக் கூரை, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க பிட் என்கிற ஒரு பள்ளம், ஒரு வேப்பமரம், அதன் கிளையில் கம்பியில் கோத்துத் தொங்கும் பழைய கிளட்ச் பிளேட்டுகள். என் பிக்கப் அங்கே பன்னிரண்டு நாள் கிடந்தது. நான்கு நாள் என்றுதான் சொன்னார்கள். அந்தக் கோபத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது சங்ககிரி, அப்பாவுக்கு இரண்டு லாரி. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் 26 வருஷம் வெர்னியரும் கையுமாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஓசூர் ரோட்டு நெரிசலில் கிளட்ச் மிதிக்க முடியாமல்தான் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மாறினேன். தேன்கனிக்கோட்டை பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. வாரம் ஒருமுறை போய்வர, செகண்ட் ஹேண்டில் வாங்கிய டபுள் கேப், ஃபோர் வீல் டிரைவ். வண்டியின் கம்பெனியைச் சொல்லப் போவதில்லை. குற்றம் அதன் மேல் இல்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் நின்றபோது சத்தம் கேட்டது. டக்... டக்... டக். ஐடிலில் மட்டும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் காணாமல் போனது. ‘டி’யில் போட்டால் ஒரு விதம், ‘என்’னில் வேறு விதம். முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏசி அறையில் காபி கொடுத்து, இன்ஜினுக்குள் இருக்கிற பிக் எண்ட் பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும், இரண்டேகால் லட்சம் ஆகும் என்றார்கள். ஆயில் பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை. ஆயிலை வடித்து இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? அதுவும் இல்லை. காபி நன்றாக இருந்தது, வந்துவிட்டேன்.

யஷ்வந்த்பூர்க்காரர் செய்தது வேறு. இன்ஜினை ஓடவிட்டு, ஒரு நீளமான ஸ்குரு டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டார். அடியில் ஆயில் தேங்குகிற சம்ப், இன்ஜின் பிளாக், அப்புறம் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தை மூடியிருக்கும் பெல் ஹவுசிங். மூன்றாவது இடத்தில் நின்று, ஸ்குரு டிரைவரை என் கையில் கொடுத்தார். “நீங்களே கேளுங்க அக்கா. இன்ஜின் சத்தம்னா கீழ சம்ப்புல கேக்கணும். இது பின்னாடி கேக்குது. ஃப்ளெக்ஸ் பிளேட் வெடிச்சிருக்கும்.” அடியில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே துருப்பொடி, செங்கல் நிறத்தில், மிளகாய்த்தூள் சிந்தியது மாதிரி. உராய்கிற இரும்பு அப்படித்தான் பொடி விடும். ஈரத்தில் வருகிற துரு வேறு மாதிரி இருக்கும். எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

ஃப்ளெக்ஸ் பிளேட் என்றால் என்ன என்று என் தம்பி மகன் கேட்டான். லாரியில் இருக்கிற ஃப்ளைவீல் தோசைக்கல், இது தாம்பாளம் என்று சொன்னேன். கிளட்ச் வண்டியில் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கின் பின்னால் கனமான வார்ப்பிரும்புச் சக்கரம் இருக்கும், அதில் கிளட்ச் பிளேட் உட்காரும். ஆட்டோமேட்டிக்கில் அந்த எடையை கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக இன்ஜின் சுற்றைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டரே கொடுத்துவிடுகிறது. அதைக் கிராங்கோடு இணைக்க மெல்லிய எஃகுத் தகடு போதும். விளிம்பில் செல்ஃப் மோட்டார் கடிக்கிற பல். சூட்டிலும் பிரஷரிலும் கன்வெர்ட்டர் கொஞ்சம் உப்பி முன்னும் பின்னும் நகரும். அதற்கு வளைந்து கொடுப்பதற்காகத்தான் தகட்டை மெல்லியதாக வைத்திருக்கிறார்கள். முன்பின்னாக எத்தனை தடவை வளைந்தாலும் தாங்கும். ஆனால் கியர்பாக்ஸ் கோணலாக உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் வளைய வேண்டியிருக்கும். அதை அது தாங்காது.

அப்பாவின் லாரியில் கியர்பாக்ஸ் இறக்கியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நாலு பேர், ஒரு கயிறு, ஒரு டிராக்டர் டியூப். ஒருவர் பிட்டில் படுத்து நெஞ்சில் தாங்குவார், இன்னொருவர் கெட்ட வார்த்தையில் வழி சொல்லுவார். ஆட்டோமேட்டிக்கை அப்படி இறக்க முடியாது. ஒன்று, எடை. நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து தொங்குகிறது. இரண்டு, உள்ளே இருக்கிற கன்வெர்ட்டர் எதிலும் பூட்டப்படாமல் சும்மா செருகித்தான் இருக்கிறது. சாய்த்தால் வழுக்கி வெளியே வந்து காலில் விழும், ஆயிலும் சேர்ந்து கொட்டும்.

இங்கே வேலை நடந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. முதலில் பேட்டரி நெகட்டிவ். பிறகு சக்கரங்களுக்குச் சுற்றைக் கொண்டுபோகிற இரண்டு ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டும், கழற்றும் முன் ஃப்ளாஞ்சில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு. திரும்பப் பூட்டும்போது அதே கோடு சேர வேண்டும், இல்லையென்றால் எண்பதுக்கு மேல் வண்டி நடுங்கும். கியர்பாக்ஸின் ஏ.டி.எஃப். ஆயிலை வடித்து, கூலர் பைப்புகளின் வாயைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்தார். நான் பார்த்த வேறு இரண்டு பட்டறைகளில் பனியன் துணியைத் திணிப்பார்கள். அந்த நூல் ஒன்று, ஆயில் வழிகளைத் திறந்து மூடுகிற வால்வ் பாடிக்குள் போனால் அப்புறம் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டியதுதான். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கன்வெர்ட்டர் போல்ட்டுகள். ஆறு போல்ட். ஒவ்வொன்றாகத்தான் ஓட்டைக்கு நேரே வரும். பையன் முன்னால் கிராங்க் புல்லியைப் பாக்ஸ் ஸ்பானர் போட்டுச் சுற்ற, இவர் பின்னால் “நிறுத்து... கொஞ்சம்... போதும்” என்று சொல்லிச் சொல்லிக் கழற்றினார். பெல் ஹவுசிங்கைப் பிரிக்கும் முன்பே இந்த ஆறும் வந்துவிட வேண்டும். மறந்து கியர்பாக்ஸ் பெட்டியைப் பின்னால் இழுத்தால் மொத்த எடையும் அந்தத் தாம்பாளத்தில் தொங்கிவிடும்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அவர் ஓர் அட்டைப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்து, பெல் ஹவுசிங் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து எது வந்ததோ அதை அந்த இடத்தில் குத்தி வைத்தார். இருபத்தாறு வருஷம் லேபிள் ஒட்டிய எனக்கு அந்த அட்டையைப் பார்த்து ஒரு பொறாமை. மேலே இருக்கிற இரண்டு போல்ட்டுக்குத்தான் ஒரு மணி நேரம் போனது. மூன்று எக்ஸ்டென்ஷன் ராடுகளைச் சேர்த்து, கியர்பாக்ஸின் வாலைக் கொஞ்சம் இறக்கி, மேல் வழியாகப் போனார்கள். வாலை இறக்கும் முன் இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்தார். கொடுக்கவில்லை என்றால் இன்ஜின் பின்பக்கம் சாய்ந்து, முன்னால் ஃபேனைச் சுற்றியிருக்கும் ஷ்ரவுடில் இடிக்கும்.

பெட்டி ஜாக்கியில் இறங்கி வந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. தகட்டில் கிராங்க் போல்ட் வட்டத்தைச் சுற்றி முக்கால் வட்டம் விரிசல். இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் நடு வட்டம் தனியாகக் கழன்றிருக்கும். அதைவிட முக்கியமான இரண்டு விஷயம் இருந்தன. கன்வெர்ட்டர் போல்ட் ஆறில் ஒன்று மட்டும் வேறு ஜாதி: மற்றவை தலையில் வலிமை எண் 10.9, இது 8.8, அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர் வேறு. அப்புறம், இன்ஜினையும் பெல் ஹவுசிங்கையும் நேர்கோட்டில் நிறுத்துகிற சின்ன உருளை ஊசிகளான இரண்டு டவல் பின்களில் ஒன்றைக் காணோம். ஓட்டை மட்டும் இருந்தது. எனக்கு முன்னால் யாரிடமோ இருந்தபோது ஒருவர் இந்தப் பெட்டியை இறக்கியிருக்கிறார். ஏற்றும்போது ஒரு டவலும் ஒரு போல்ட்டும் தொலைந்திருக்கின்றன. கைக்குக் கிடைத்ததைப் போட்டு முறுக்கி அனுப்பிவிட்டார். அரை மில்லிமீட்டர் கோணல் கண்ணுக்குத் தெரியாது. தகட்டுக்குத் தெரியும்.

மறுநாள் ஜே.சி. ரோடு. டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரைக்கும் வண்டி சாமான் கடைகள்தான். நான் போன கவுன்டரில் இருந்தவர் சேசிஸ் நம்பரைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டி, சரியான தகட்டின் பார்ட் நம்பரை ஒரே நிமிஷத்தில் எடுத்தார். இது நல்லது. அதே இன்ஜினுக்கே கியர்பாக்ஸைப் பொறுத்துத் தகடு மாறும். பல்லின் எண்ணிக்கை, போல்ட் வட்டத்தின் அளவு எல்லாம் மாறலாம். படத்தைக் காட்டி வாங்கக் கூடாது. ஸ்டாக்கில் இல்லை, ஆர்டர் போட்டால் ஒன்பது நாள் என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் உடனே, காயலாங்கடையில் பழசு மூவாயிரத்துக்குக் கிடைக்கும், வாங்கித் தரட்டுமா என்று காதைக் கடித்தார். விரிசல் விட்ட தகட்டை எடுத்துவிட்டு, எப்போது விரிசல் விடும் என்று தெரியாத தகட்டைப் போடுவதா?

தகட்டோடு போல்ட் வருமா என்று கேட்டேன். வராது. கிராங்குக்கு எட்டு, கன்வெர்ட்டருக்கு ஆறு, மொத்தம் பதினான்கு, தனித்தனியாக ஆர்டர் போட வேண்டும். “பழசையே போட்ருங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க” என்றார் கவுன்டர்க்காரர். என் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் கிராங்க் போல்ட்டை முதலில் ஓர் அளவு முறுக்கி, பிறகு கோணக் கணக்கில் திருப்பச் சொல்லியிருக்கிறது. இந்த வகைப் போல்ட் பெரும்பாலும் முறுக்கும்போதே நீண்டுவிடும். நீண்டதை மறுபடி முறுக்கினால் பிடிமானம் முன்பு போல வராது. என் புத்தகத்தில் ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்றே போட்டிருந்தது. பதினான்கையும் எழுதச் சொன்னேன், கூடவே டவல் இரண்டு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தாராளமாகப் பார்க்கட்டும்.

ஒன்பது நாள் சும்மா இருக்க முடியாமல், கன்வெர்ட்டர் போல்ட்டாவது வெளியே கிடைக்குமா என்று எஸ்.ஜே.பி. ரோட்டுக்கும் போனேன். அங்கே ஒரு போல்ட் கடை. இந்தக் கட்டுரையில் நான் முழு மதிப்பெண் கொடுக்கிற ஒரே இடம் அதுதான். சுவர் முழுக்க மர டிராயர்கள், ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கிற போல்ட் ஒன்று கம்பியால் கட்டியிருக்கும். பெரியவர் ஒருவர், எழுபது இருக்கும், கன்னடத்தில் பேசுவார், தமிழ் புரியும். என் பழைய போல்ட்டை வாங்கினார். தலையைப் பார்க்கவில்லை, முதலில் மரை கேஜை எடுத்தார். எம்10, அதாவது பத்து மில்லிமீட்டர் தடிமன்; பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.25. சாதாரண ஹார்டுவேர் கடையில் எம்10 என்று கேட்டால் 1.5 பிட்ச்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டு சுற்று கையால் ஏறும், அப்புறம் இறுகும், ஸ்பானர் போட்டால் கன்வெர்ட்டரின் மரை போய்விடும். ஒரு போல்ட் மிச்சம் பிடிக்கப் போய்க் கன்வெர்ட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

அவரிடம் அதே பிட்ச்சில், 10.9 தரத்தில், தலையோடு சேர்ந்த அகல விளிம்பு வைத்தது இருந்தது. டி.வி.எஸ். முத்திரை. நீளம்தான் இடித்தது: என்னுடையது 16, அவரிடம் இருந்தது 20. நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கன்வெர்ட்டரின் அந்த ஓட்டைக்கு மறுபக்கம் வழி கிடையாது. நீளமான போல்ட் உள்ளே போய் முட்டும். முறுக்கு முழுவதும் முட்டுவதிலேயே போகும், தகடு இறுகவே இறுகாது. இன்னும் அழுத்தினால் கன்வெர்ட்டரின் முகத்தில் உள்பக்கமாகப் புடைப்பு விழும். கன்வெர்ட்டரை நேராகப் பூட்டுகிற லாக் அப் கிளட்ச் அந்த முகத்தில்தான் உரசிப் பிடிக்கிறது. ஒரு வாஷர் போட்டுச் சரிசெய்யலாமே என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். வாஷர் உயர்த்துகிற தலை சுற்றும்போது எதில் இடிக்கும் என்று யார் பார்ப்பது? போல்ட்டை டிராயருக்குள் போட்டுவிட்டு, “கம்பெனிது வரட்டும்” என்றார். வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரர்.

அங்கே இருந்த சின்னப் பையன் மட்டும் 12.9 ஆலன் போல்ட்டைக் காட்டி, இது இன்னும் ஸ்ட்ராங் என்றான். அவனுக்கு இதை உட்கார்ந்து விளக்கினேன். தலையில் 10.9 என்றால், முதல் எண்ணை நூறால் பெருக்கு: சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1000 நியூட்டன் இழுவை தாங்கும். புள்ளிக்குப் பின்னால் 9 என்றால், அதில் 90 சதவீதம் வரைக்கும் நீண்டு போகாமல் தாங்கும். 8.8 என்றால் 800, அதில் 80 சதவீதம். என் வண்டியில் இருந்த அந்த ஒற்றை 8.8-ஐ மற்ற ஐந்தின் அளவுக்கு முறுக்கியிருந்தால் அப்போதே நீண்டிருக்கும். குறைத்து முறுக்கியிருந்தால் தளர்ந்திருக்கும். இரண்டுமே தப்பு. சரி, 12.9 போட்டால் என்ன? அதன் தலை உயரம், இடிக்கும். அதோடு கடினம் ஏற ஏற எஃகு நொறுங்கும் குணமும் ஏறும். பளபளவென்று துத்தநாகம் பூசிய 12.9-ஐ நான் தொடவே மாட்டேன். பூச்சுக் குளியலில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிட்டால், மாலையில் முறுக்கி வைத்த போல்ட்டின் தலை காலையில் தரையில் கிடக்கும். எங்கள் சோதனை மேஜையில் அப்படிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பையன் ஆலன் போல்ட்டைத் திரும்ப வைத்தான். மரை தேய்ந்த பெல் ஹவுசிங் போல்ட் இரண்டுக்கு மட்டும் அங்கே சரியான ஜோடி கிடைத்தது, 90 ரூபாய்.

சாமான் வந்ததும் பூட்டும் வேலை. இங்கேதான் பட்டறைக்காரரோடு எனக்கு ஒரு சண்டை. அளவு வைத்து முறுக்குகிற நல்ல டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறார், ஆனால் கடைசியாக முறுக்கிய அளவிலேயே பெட்டியில் போட்டு வைத்திருந்தார். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்காவிட்டால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துபோய்ப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். “அக்கா, இத்தனை வருஷமா இப்படித்தான் வெக்கிறேன்” என்றார். வீட்டிலிருந்து என்னுடையதைக் கொண்டு வந்தேன். கோணத்துக்குக் கேஜ் இல்லை. ஒவ்வொரு தலையிலும் வெள்ளைப் புள்ளி வைத்து அளந்தோம். முறுக்கு அளவுகளை இங்கே எழுத மாட்டேன். வண்டிக்கு வண்டி மாறும், என் எண்ணை உங்கள் வண்டியில் யாராவது போட்டுவிடுவார்கள். கன்வெர்ட்டர் போல்ட்டில், மரை கழலாமல் பிடிக்கிற பசையான சிவப்பு லாக்டைட், ஒரு சொட்டு. மரையில் ஆயில் துளியும் இல்லாமல் கிளீனர் அடித்துத் துடைத்த பிறகுதான். ஸ்பிரிங் வாஷர் கூடாது.

கன்வெர்ட்டரை உட்கார வைக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸை நிமிர்த்தி, இரண்டு கையாலும் கன்வெர்ட்டரைப் பிடித்து, தொட்டில் ஆட்டுகிற மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே அமுக்கினார். டொக். ஷாஃப்ட் பல். டொக். ஸ்டேட்டர் பல். நிறையப் பேர் இதோடு விட்டுவிடுவார்கள். மூன்றாவது, கியர்பாக்ஸ் ஆயில் பம்ப்பின் காது. அதற்கு ஐந்து நிமிஷம் ஆட்டினார். டொக். பிறகு பெல் ஹவுசிங் வாயில் ஸ்கேலை வைத்து, உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்து அட்டையில் எழுதினார். வண்டிக்கு அடியில் ஏற்றியபோது கடைசி ஒரு விரல் இடைவெளி சேரவில்லை. பையன் போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்துவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தான். “வைடா கீழே!” டெர்மினல் முழுக்கக் கேட்டிருக்கும். லாரி கியர்பாக்ஸில் அந்தப் பழக்கம் செல்லும். இதில் அப்படி இழுத்தால் பம்ப் உடையும். பெட்டியை இறக்கிப் பார்த்தால், ஒரு வயர் இடையில் மாட்டியிருந்தது. எடுத்துவிட்டு மறுபடி ஏற்ற, கையாலேயே சேர்ந்துவிட்டது. சேர்ந்த பிறகும் கன்வெர்ட்டருக்கும் தகட்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் மாதிரி இடைவெளி இருந்தது. இருக்க வேண்டும். கன்வெர்ட்டரை முன்னால் இழுத்துப் போல்ட் போடுவதுதான் முறை.

கணக்கு: கூலி 16,500. தகடு, பதினான்கு போல்ட், டவல்கள், ஆயில் சீல், ஏ.டி.எஃப். எல்லாம் சேர்த்து 31,200. சர்வீஸ் சென்டர் சொன்ன இரண்டேகால் லட்சத்தை நினைத்து அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். சத்தம் போய்விட்டது. அதற்கப்புறம் தேன்கனிக்கோட்டைக்கு ஒன்பது தடவை போய் வந்தாயிற்று.

குறைகளுக்கு வருகிறேன். நான்கு நாள் என்று சொன்னதில் சாமான் வர ஒன்பது நாள் ஆனது அவர் தப்பில்லை, ஆனால் வந்த பிறகும் ஒரு நாள் வேறு லாரிக்குப் போய்விட்டார். கேட்டால் “அவங்க லோடு வண்டி அக்கா” என்கிறார். பில் கிடையாது. தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தார், அதிலும் கூட்டல் தப்பு, எனக்குச் சாதகமாக. திருத்திக் கொடுத்தேன். கழற்றும்போது ஒரு சென்சார் கனெக்டரின் கிளிப்பை உடைத்துவிட்டுச் சொல்லாமல் டேக் போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் அடியில் படுத்துப் பார்க்கப் போய்த்தான் தெரிந்தது. கேட்டதும் முகம் சுளிக்காமல் புதுசு போட்டுக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டும். பெரிய குறை, பெண்கள் போய் அரை நாள் உட்கார அங்கே எந்த வசதியும் இல்லை. கழிவறைக்கு மெயின் ரோட்டு ஓட்டல் வரை நடக்க வேண்டும், மழை பெய்தால் அந்த வழி சேறு.

போகிறவர்கள் காலை பதினோரு மணிக்கு முன்னால் போக வேண்டாம், போனையும் எடுக்க மாட்டார். சர்வீஸ் புத்தகம் இருந்தால் முறுக்கு அளவு இருக்கிற பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். இங்கிலீஷைத் தடுமாறிப் படித்தாலும் எண்ணை மதிப்பார். பழைய போல்ட்டுகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் உங்களிடம் இருந்தால் அதையும். போன வாரம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அவருடைய ரெஞ்ச் பெட்டிக்குள் இருந்தது. திறந்து பார்த்தேன். அளவு கீழே இறக்கியிருந்தது.